கிழமை கழித்து வரும் காய்ச்சல்

மன்னாரின் தோட்டவெளிக் கிராமத்தில் ஒருவருக்கு நள்ளிரவில் வயிற்றுக்குத்து எடுத்தால் முதலில் ஓமத்தண்ணீர், அடுத்து வாய்வுக் குளிசை, விடிந்தும் அடங்காவிட்டால்தான் ஓட்டோ. மன்னார் பொது வைத்தியசாலை அப்படியொன்றும் தூரமில்லை. தாமதம் வீட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

அப்படித் தாமதித்து, குடலில் ஓட்டை விழுந்து கழிவு வயிற்றறைக்குள் பரவியபின் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர், பலர் அறியாத இன்னோர் ஆபத்தையும் கூடவே கொண்டுபோகிறார். அது கன்டிடா என்ற பங்கசு. நம் குடலில் காலங்காலமாய்க் குடியிருப்பதுதான். அங்குள்ள பக்டீரியாக்கள் அதைத் தலையெடுக்க விடுவதில்லை. உயிர்காக்க ஏற்றும் வலுவான அன்டிபயோட்டிக் அந்தப் பக்டீரியாக்களையும் அழித்துவிடுகிறது. கழுத்து நாளத்தில் செருகிய குழாய், நாளம் வழியாக ஏற்றும் உணவு, டயலிசிஸ், எல்லாவற்றுக்கும் மேலாக, தையல் கசிந்து வயிற்றை மறுபடி திறப்பது: ஒவ்வொன்றும் பங்கசுக்கு இடங்கொடுக்கிறது. கிழமை கழித்து மீண்டும் காய்ச்சல் எழும்போது மருந்தை மாற்றுவார்கள். மாற்றுவதும் பெரும்பாலும் இன்னொரு அன்டிபயோட்டிக்காகவே இருக்கும். கன்டிடா இரத்தத்தில் கலந்துவிட்டால் பத்தில் நான்கு பேர்வரை பிழைப்பதில்லை. இரத்த வளர்ப்புச் சோதனையோ ஏறத்தாழ பாதித் தொற்றுகளைத் தவறவிடுகிறது.

அப்படியானால் எல்லோருக்கும் முன்கூட்டியே பங்கசு மருந்து கொடுத்துவிடலாமே? குடலில் மீண்டும் ஓட்டை விழுந்தவர்களிடமும் தையல் கசிந்தவர்களிடமும் சுவிட்சர்லாந்தில் நடந்த சிறிய ஆய்வு 1999இல் வெளியானது. ஃபுளுகொனசோல் என்ற பங்கசு மருந்தைப் பெறாத 20 பேரில் 7 பேருக்கு வயிற்றுக்குள் கன்டிடா தொற்று. பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. ஆனால் சந்தேகத்தின் பேரில் தீவிர சிகிச்சை நோயாளருக்கு மைக்காஃபங்கின் என்ற இன்னொரு பங்கசு மருந்தைக் கொடுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆய்வில் உயிர்பிழைப்பு கூடவில்லை. ஆளறிந்து கொடுப்பதே வழி. கண்டபடி கொடுத்தால் மருந்துக்கு மசியாத வகைகள்தான் மிஞ்சும்.

பங்கசுக்கு விசாரணை நடந்ததும் உண்டு. 2005இல் கொழும்பில் முள்ளந்தண்டில் மயக்கமருந்து ஏற்றிச் சிசேரியன் செய்யப்பட்ட ஐந்து தாய்மாருக்கு அஸ்பெர்ஜிலஸ் பங்கசு மூளையுறையைத் தாக்கியது, மூவர் இறந்தார்கள். சுனாமி நிவாரணப் பொருட்களால் நெருக்கடிப்பட்ட களஞ்சியத்தில் கிடந்த சிரிஞ்சுகள்மீது சந்தேகம் விழுந்தது. அங்கே ஒரு குற்றவாளிப் பொருள் இருந்ததால் விசாரணை நடந்தது. சொந்தக் குடலிலிருந்தே புறப்படும் கன்டிடாவுக்கு யார் விசாரணை வைப்பார்கள்? கிருமித்தொற்று என்ற ஒரு சொல்லோடு கணக்கு மூடப்படும்.

விலைகூடிய மருந்தைக் கேட்கும் முன் மாவட்ட மட்டத்திலேயே பங்கசை வளர்த்து, வகை பிரித்துச் சொல்லும் ஆய்வுகூட வசதியைக் கேட்பேன். பங்கசு ஆய்வுக்கான தேசிய ஆய்வுகூடம் இருப்பது கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில். மன்னாரிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். அந்த வசதி வரும்வரை, கட்டிலருகே நிற்கும் உறவினர் ஒன்று கேட்கலாம்: "பங்கசுக்கும் பார்த்தீங்களா, டொக்டர்?"