கரண்ட் வைக்க எங்கே போவது?

கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று பெயர். குருவிகுளம் வட்டாரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பாதிப் பேருக்கு நடுக்கம். ‘கரண்ட் வெச்சா கருகிப் போயிருவா, வேண்டாம்’ என்று வைத்தியத்தைப் பாதியில் நிறுத்திய வீடுகளை நாம் அறிவோம். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுப்பது போலப் படுக்க வைப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், அந்த நேரத்தில் வலி தெரியாது. தோல் கறுக்கும், அசதி இருக்கும், வயிற்றுப் பகுதியில் வைத்தால் பேதியாகும். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். பயப்பட வேண்டியது அதற்கல்ல. எங்கே போவது என்று தெரியாமல் கழியும் மாதங்களுக்குத்தான்.

களையெடுக்கப் போகிற ஒரு தாய். கருப்பை வாயில் கட்டி. முதலில் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஸ்கேன், சதைப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். கம்மல் அடகுக்குப் போனது. கடைசியில் ‘பெரிய டாக்டரைப் பாருங்க’ என்று சொல்லி அனுப்பினார்கள். எந்த டாக்டர், எந்த ஊர் என்று ஒரு வரி எழுதித் தரவில்லை. அவர் மகன் பன்னிரண்டாவது படித்தவன். அவனுக்கும் யாரைக் கேட்பதென்று தெரியவில்லை. மூன்று மாதம் போனது.

அந்த ஒரு வரியை இங்கே எழுதி வைக்கிறோம். புற்றுநோய்க்கு மூன்று வகை டாக்டர்கள் உண்டு. கட்டியை வெட்டி எடுப்பவர் புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர். மருந்து ஏற்றுபவர் புற்றுநோய் மருந்தியல் நிபுணர். கதிர்வீச்சு கொடுப்பவர் கதிரியக்கப் புற்றுநோய் நிபுணர், பழைய பெயரில் ரேடியோதெரபி டாக்டர். ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற ரேடியாலஜி டாக்டர் வேறு, இவர் வேறு. இந்தக் குழப்பத்திலேயே அலைந்தவர்கள் நம்மில் பலர். புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. முற்றிய கருப்பைவாய்ப் புற்றுக்கு அதுவே முக்கிய வைத்தியம். எலும்புக்குப் பரவித் தூங்கவிடாத வலிக்கு ஒரே ஒரு முறை கொடுத்தாலும் பலருக்கு வலி குறைகிறது.

இந்த டாக்டர் தனியாக ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்க முடியாது. கருவி வேண்டும், அளவு கணக்கிட மருத்துவ இயற்பியலாளர் வேண்டும், கருவியை இயக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும், இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அதனால் டாக்டரைத் தேடுவது என்றால் கருவி இருக்கும் இடத்தைத் தேடுவதுதான். நமக்குப் பக்கம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை உண்டு. மதுரை என்றால் பாலரெங்காபுரம். மலை தாண்டினால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்ததிலிருந்து பிறந்த எண்ணம் அது.

இவற்றில் எதுவும் தென்காசி மாவட்டத்தில் இல்லை. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தது, கலெக்டர் ஆபீஸ் வந்தது. அரசு மருத்துவக் கல்லூரி வரவில்லை. பத்து லட்சம் பேருக்கு ஒரு கதிர்வீச்சுக் கருவியாவது வேண்டும் என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படியே இந்த மாவட்டத்தின் பகுதிகளில் சுமார் 14 லட்சம் பேர் இருக்கிறோம்.

‘காப்பீட்டு அட்டை இருக்கே, இலவசம்தானே’ என்பார்கள். இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, கதிர்வீச்சும் அதில் அடக்கம். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுக்கு வழக்கமாக 25 தடவை வெளியிலிருந்து கதிர்வீச்சு. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். அதற்குமேல் உள்கதிர்வீச்சு. மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். நடுவில் நாள் விட்டால் கட்டி திரும்பும் ஆபத்து கூடும். கூடவே ஒரு ஆள் போக வேண்டும். 2025-26க்கு நூறு நாள் வேலையின் கூலி தமிழ்நாட்டில் 336 ரூபாய். இரண்டு பேருக்கு 25 நாள் என்றால் 16,800 ரூபாய் கூலி போகிறது. பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தான். சங்கரன்கோவிலில் இறங்கி நெல்லை பஸ் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும், போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இந்தச் செலவை எந்த அட்டையும் தராது. நிலம் உள்ளவன் ஒரு போகத்தை நம்பிக் கடன் வாங்குவான். நம் தெருவில் எதை நம்பி வாங்குவது? வைத்தியம் பாதியில் நிற்பது பயத்தால் மட்டுமல்ல, பஸ் காசாலும்தான்.

பட்டியலின, பழங்குடி மக்களுக்கென்றே ஒன்று இருக்கிறது, நம்மில் பலருக்குத் தெரியாது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழுள்ள டாக்டர் அம்பேத்கர் அறக்கட்டளையின் மருத்துவ உதவித் திட்டம். இதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்ற பெரிய வியாதிகளுக்கு, மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டோடு விண்ணப்பிக்க வேண்டும். பணம் மருத்துவமனைக்கே நேராகப் போகும். சாதிச் சான்று, வருமானச் சான்றோடு நாடாளுமன்ற உறுப்பினர் அல்லது கலெக்டர் போன்றோரின் பரிந்துரை தேவை. தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தனித் தொகுதி. சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் தனித் தொகுதிகள். இங்கிருந்து எத்தனை விண்ணப்பம் டெல்லிக்குப் போனது என்று ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் நாம் கேட்டதுண்டா? இல்லை. கொடி ஏற்ற இடம் கேட்டோம், சிலைக்கு இடம் கேட்டோம். அவையும் தேவைதான். இதையும் கேட்டிருக்க வேண்டும்.

2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டத்துக்கென ஒரு சட்டம் நிறைவேற்றியது. மக்கள் தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நிதியில் ஹைகிரவுண்ட் பக்கத்தில், கதிர்வீச்சு எடுக்கும் நாட்களில் நோயாளியும் துணையும் தங்க ஒரு விடுதி கட்டட்டும். கருவி வாங்கப் பல கோடி வேண்டும், அதை ஆட்களைத் தேடி நிறுத்தி ஓட்டுவது அதைவிடச் சிரமம் என்பது நமக்கும் தெரியும். விடுதிக்கு அவ்வளவு ஆகாது. அதோடு வாரம் ஒரு நாள் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்கு ஒரு புற்றுநோய் டாக்டர் வந்து போனால், ‘பெரிய டாக்டர்’ யாரென்று தேடும் மூன்று மாதம் மிச்சமாகும்.

கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. தெருவில் ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்தால் சதைப் பரிசோதனை ரிப்போர்ட், ஸ்கேன், ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அவரோடு ஹைகிரவுண்டுக்குப் போங்கள். ரேடியோதெரபி பிரிவு எங்கே என்று கேளுங்கள். எத்தனை நாள், உள்ளே படுக்க வைப்பார்களா, போய் வர வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரயிலில் சென்னை போக வேண்டியிருந்தால் சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுக் கட்டணச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலில் நிற்கிறது.

அந்தத் தாய்க்குக் கடைசியில் கதிர்வீச்சு கிடைத்தது. 25 நாளும் மகன் கூடவே போனான். அந்த வருடம் அவன் கல்லூரியில் சேரவில்லை.