தோளில் போட்டால் கனமில்லை!

சென்ற ஜனவரியில் டில்லிக்குப் புறப்பட்டு, சென்னை விமான நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாள். மகளுக்குத் தலைப்பிரசவம் பார்க்கப் போகிறவர். பெரிய பெட்டி 15 கிலோவுக்குள் அடங்கி உள்ளே போய்விட்டது. கைப்பையைத் தராசில் வைக்கச் சொன்னார்கள். முள் இல்லாத தராசு. 9 என்று எண் காட்டியது.

"ஏழு கிலோதாம்மா கையிலே கொண்டு போகலாம். மிச்சத்துக்குப் பணம் கட்டுங்க, இல்லேன்னா எதையாவது எடுத்துடுங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

அத்தனை பேர் பார்க்க, அந்த அம்மாள் பையைத் திறந்தார். முறுக்கு டப்பா, பத்திய மருந்துப் பொட்டலங்கள், பிறக்கப் போகும் சிசுவுக்கு விரிப்பதற்காகத் துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட நான்கு பழைய நூல் புடவைகள். கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தோளில் போட்டுக்கொண்டார். மறுபடியும் தராசு: 7.

"இப்ப சரிம்மா!"

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. விதி செய்தவர் எங்கோ இருக்கிறார். ஏச்சு வாங்குகிறவள் இவள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்த இரண்டு கிலோ எங்கே போயிற்று? அம்மாளோடு அதே விமானத்தில்தானே ஏறிற்று? பையில் இருந்தால் கனம், தோளில் கிடந்தால் கனமில்லை என்பது எந்த ஊர்க் கணக்கு? உள்ளே போனதும் ஒருவர் கடையில் பை நிறைய இனிப்பு வாங்கினார். அதை யாரும் நிறுக்கவில்லை.

தலைக்கு மேலுள்ள அறையில் இடம் குறைவு, கனமான பெட்டி விழுந்தால் மண்டை உடையும் என்பார்கள். வாஸ்தவம். அளவே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் இடம்தான் காரணமென்றால், மிஞ்சியதை வாங்கி விமானத்தின் அடியில் போடட்டுமே! அதற்கு ஏன் தண்டம்?

பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் 2008-ல் அடியில் போடும் முதல் பெட்டிக்கே கட்டணம் கேட்கத் தொடங்கின. ஜனங்கள் என்ன செய்வார்கள்? எல்லாவற்றையும் கையிலேயே தூக்கி வந்தார்கள். மேலே இடம் போதவில்லை. நெருக்கடியை உண்டாக்கியவர்களே பிறகு நெருக்கடியைக் காட்டிக் காசு கேட்டால் அதற்கு என்ன பெயர்?

நியாயமான எடையும் அளவும் உள்ள கைப்பை, பிரயாணத்தோடு சேர்ந்த அவசியம். அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் சொல்லிற்று. இத்தகைய வசூல்களுக்காக ஸ்பெயின் அரசு 2024-ல் ஐந்து கம்பெனிகளுக்குப் பதினேழு கோடியே தொண்ணூறு லட்சம் யூரோ அபராதம் போட்டது. கம்பெனிகள் வழக்காடப் போயின. போகட்டும், கேள்வியாவது கேட்கப்பட்டதே! நாமோ பையைத் திறந்து காட்டிவிட்டு, வெட்கத்தோடு மூடிக்கொண்டு போகிறோம்.

நான் கேட்பது பெரிய சலுகையல்ல. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அளவு வையுங்கள். அதை டிக்கெட்டில் விலைக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். வாசலிலேயே ஒரு தராசு வையுங்கள். ஒரு கிலோ, இரண்டு கிலோ மிஞ்சினால் பேசாமல் வாங்கி அடியில் போடுங்கள்.

பேரக் குழந்தைக்குப் புடவை கொண்டு போகிற பாட்டி, அதைக் கடத்தல்காரி மாதிரி உடம்பில் சுற்றிக்கொண்டு போக வேண்டாம்.