இயக்குநர் குழுவுக்கும் சாதி உண்டு

தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும் என்று பேசும்போதெல்லாம் நாம் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றியே பேசுகிறோம். யாரை எடுத்தார்கள், யாரைத் தட்டிக்கழித்தார்கள் என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் எந்த ஊரில் ஆலை திறப்பது, எதை மூடுவது, எந்த வேலையைக் கான்ட்ராக்டுக்கு விடுவது என்று முடிவெடுக்கிற அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி அதே வேகத்தில் எழுவதில்லை.

2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் டி. அஜித், ஹான் டோங்கர், ரவி சக்சேனா மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியாவின் முன்னணி 1000 நிறுவனங்களின் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்களை எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர். பிற்படுத்தப்பட்டோர் 3.8 விழுக்காடு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த இரு பிரிவினர் மட்டுமே நாட்டில் கால்பங்கு.

அவர்கள் இயக்குநர்களின் சாதியைக் குடும்பப் பெயரை வைத்தே வகைப்படுத்தினார்கள். வடக்கே அது ஓரளவு நடக்கும். தமிழ்நாட்டில் நடக்காது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தொடங்கி, பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை நாம் வெட்டி எறிந்தோம். அது நம் பெருமை. ஆய்வுக்காக இங்குள்ள கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் படிக்கும்போது, இன்ஷியலும் பெயரும் மட்டுமே இருக்கும் இயக்குநர் பட்டியல்தான் என் கண்ணில் படுகிறது. பெயரில் சாதி இல்லை என்பதால் குழுவிலும் சாதி இல்லை என்று ஆகிவிடாது. நாம் அடைந்த முன்னேற்றத்துக்குப் பின்னால் ஆதிக்க சாதி மூலதனம் வசதியாக ஒளிந்துகொள்கிறது.

இயக்குநர் எப்படித் தேர்வாகிறார்? 2013 கம்பெனிகள் சட்டப்படி பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் ஒரு நியமனக் குழு இருக்கும். அதில் இருப்பவர்கள் ஏற்கெனவே இயக்குநர்களாக இருப்பவர்கள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களில் ஒருவரைப் பரிந்துரைப்பார்கள். பங்குதாரர்கள் ஓட்டுப் போடுவார்கள். பெரும்பங்கு நிறுவனக் குடும்பத்தின் கையில் இருந்தால் அந்த ஓட்டு வெறும் சடங்கு. இதில் எந்த இடத்திலும் யாரும் சாதி என்ற சொல்லை உச்சரிக்க வேண்டியதில்லை. ஒரே கல்லூரி, ஒரே கிளப், சம்பந்தி வீடு என்றாலே போதும். 2007இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசியபோதும் இதுதான் தெரிந்தது. தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்றவர்கள், விண்ணப்பதாரரின் 'குடும்பப் பின்னணி' முக்கியம் என்றும் சொன்னார்கள்.

தகுதி என்கிறார்கள். இயக்குநராக இன்ன பட்டம் வேண்டும் என்று கம்பெனிகள் சட்டம் கேட்கவில்லை. முதலாளியின் மகன் படிப்பு முடித்த கையோடு இயக்குநர் நாற்காலியில் உட்காரும்போது, தகுதி பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நிறுவனத்தின் படிநிலையும் சாதியின் படிநிலையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதை அம்பேத்கர் 1938இலேயே மன்மாடில் ரயில்வே தொழிலாளர்களிடம் எடுத்துச் சொன்னார். தண்டவாளத்தில் கேங்மேனாக இருக்கும் தலித் போர்ட்டராகக்கூட உயர முடியவில்லை. போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருந்ததே காரணம். இன்று அந்தத் தடை வேறு உருவில் இருக்கிறது. 'துப்புரவுப் பணியை வெளியே விடலாம்' என்று மேலே ஒரு தீர்மானம் நிறைவேறுகிறது. கீழே ஹவுஸ்கீப்பிங் சீருடையில் நிற்கும் பெண் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்ற கணக்கிலேயே வருவதில்லை. பதவி உயர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் எந்தச் சாதியைச் சேர்ந்தவராக இருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதில் அரசு தலையிட முடியாது என்பார்கள். ஏற்கெனவே தலையிட்டிருக்கிறது. 2013 சட்டம் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்றது. பல நிறுவனங்கள் முதலாளியின் மனைவியையும் மகளையும் உட்கார வைத்து இடத்தை நிரப்பின. பிறகு செபி விதியை இறுக்கியது. குடும்பத்தைச் சாராத சுயேச்சையான பெண் இயக்குநர் வேண்டும் என்று 2019இல் முதல் 500 நிறுவனங்களுக்கும், 2020இல் முதல் 1000 நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கியது. சட்டம் வந்ததால்தான் கதவு திறந்தது, ஓட்டையை அடைத்ததால்தான் கொஞ்சமாவது பலன் கிடைத்தது. சாதி விஷயத்தில் மட்டும் 2006இல் தொழிலதிபர் சங்கங்கள் 'நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒரு தன்னார்வ நெறிமுறையைக் கொடுத்தன. அரசும் அதோடு விட்டுவிட்டது.

தோழர்களில் சிலர் வேறொரு கேள்வி கேட்பார்கள். ஒரு தலித் இயக்குநராகிவிட்டால் சுரண்டல் நின்றுவிடுமா? நிற்காது. தனியாக ஒருவரை உட்கார வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள். அதனால்தான் தொழிலாளர் பிரதிநிதித்துவத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறேன். நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசியலமைப்பின் 43ஏ பிரிவு 1976 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. வங்கி தேசியமய 1970 சட்டம் இயக்குநர் குழுவில் தொழிலாளிக்கு ஓர் இருக்கை கொடுத்தது. பெரும்பாலான அரசு வங்கிகளில் அந்த இருக்கை பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்தது. ஜெர்மனியிலோ 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு. அங்கே தொழில் ஒன்றும் முடங்கிவிடவில்லை.

முதல் வேலை, கணக்கை வெளியே கொண்டுவருவது. முதல் 1000 நிறுவனங்கள் ஆண்டுதோறும் செபிக்குப் பொறுப்பு அறிக்கை தருகின்றன. ஆண், பெண், மாற்றுத்திறனாளி எத்தனை பேர் என்று அதில் கட்டங்கள் உண்டு. சாதிக்குக் கட்டம் இல்லை. இயக்குநர் முதல் கான்ட்ராக்ட் தொழிலாளி வரை ஒவ்வொரு படியிலும் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்று, தனிநபர் பெயரில்லாமல், அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லுவோம்.

இதைக் கேட்க நமக்கு உரிமையும் இருக்கிறது. நம் பெற்றோர் கட்டிய எல்ஐசி பிரீமியமும், 2015 முதல் நம் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதியும் இந்த நிறுவனங்களின் பங்குகளில்தான் போய்ச் சேர்கின்றன. இயக்குநர் நியமனத் தீர்மானம் வரும்போது எல்ஐசி ஓட்டுப் போடுகிறது. அது நம் காசில் போடப்படும் ஓட்டு. யாருக்குப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று தொழிற்சங்கங்களும் நம் மாணவர் அமைப்புகளும் கேட்கத் தொடங்க வேண்டும்.