கேரம் பலகைக்கு ஒரு மூலை

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகக் கேரம் சாம்பியனாக விளங்கியவர். தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். 1996-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதைப் பெற்றவர். கிரிக்கெட் வீரர் ஒருவருடைய விரல் சுளுக்கினால் அன்றைய காபியே கசந்துபோகிற மும்பை மாட்டுங்காவில் இவர் பெயரைச் சொன்னால், பெரும்பாலோர் யாரென்று கேட்பார்கள். மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகளாக வியாசர்பாடியில் வளர்ந்து, 2008-இல் பிரான்ஸின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகியின் கதியும் வேறல்ல.

இவர்களுடைய விடாமுயற்சியின் தன்மை விசேஷமானது. ஓட்டக்காரனுக்கு மூச்சு இரைக்கிறது, மல்லனுக்கு வியர்வை வழிகிறது. அவர்கள் படும் பிரயாசை பார்ப்பவர் கண்ணுக்குப் பிரத்தியட்சம். கேரம் ஆடுகிறவரோ சுமார் 74 சென்டிமீட்டர் சதுரத்தின் முன் அசையாமல் அமர்ந்து, 15 கிராமுக்கு மேற்படாத ஸ்ட்ரைக்கரை விரல்நுனியால் தட்டுகிறார். அந்த ஒரு தட்டுக்குப் பின்னாலுள்ள வருஷக்கணக்கான அப்பியாசம் எவர் கண்ணிலும் படுவதில்லை. சிவப்புக் காயைக் குழியில் தள்ளியவர் உடனே தம் காய் ஒன்றை ஃபாலோவாகப் போட்டாக வேண்டும், தவறினால் சிவப்பு மறுபடியும் பலகையின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது குழந்தையும் அறிந்த விதி. ஆயினும், எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, உலகப் போட்டியின் கடைசிப் பலகையில் அந்த இரண்டாவது காயை நிதானம் இழக்காமல் போடுவதற்கு, கைதட்டலை எதிர்பாராமல் பல்லாண்டு உழைத்த மனம் வேண்டும்.

அத்தகைய மனத்தை இளைஞர்கள் பின்பற்ற வேண்டும் என்று மேடைதோறும் உபதேசிக்கிறோம், உபதேசத்துக்குச் செலவில்லை. ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. முறையான செயல்தான், ஆனால் பரிசு வெற்றிக்குப் பின் வருவது. வெற்றிக்கு முன்னே வேண்டியது, விளக்குள்ள ஓர் அறையும் ஒரு நல்ல பலகையும்.

ஒலிம்பிக்கில் இடம்பெறாத, வேலையற்ற வாலிபர்கள் தெருமுனையில் பொழுது கழிக்கிற ஆட்டத்துக்கா இவ்வளவு பரிவு என்று சிலர் ஆட்சேபிக்கலாம். காசு வைத்து ஆடும் இடங்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. அதற்குப் பரிகாரம் பெரியவர்களின் கண்காணிப்பில் ஓர் இடத்தை ஏற்படுத்துவதே. தவிரவும், தாராவிப் பிள்ளையிடம் மைதானத்துக்குப் போய் ஓடு என்று சொல்வதற்கு முன், அந்த மைதானம் எங்கே என்று நாம் காட்ட வேண்டாமா? நான்கு பேர் உட்காரும் இடம் இருந்தால் உலகச் சாம்பியனை உருவாக்கக்கூடிய ஆட்டம் இது என்பதுதான், நெரிசலில் வாழும் ஜனங்களுக்கு இதன் பெருமை.

இந்த ஆட்டத்தை ஆதரிப்பதற்கு மும்பையில் முன்னுதாரணம் இல்லாமலில்லை. 2016-இல் பர்மிங்ஹாமில் உலகப் பட்டம் வென்ற பிரசாந்த் மோரே நம் நகரத்து ரிசர்வ் வங்கி ஊழியர். பெட்ரோலிய நிறுவனங்களும் கேரம் வீரர்களுக்கு உத்தியோகம் கொடுத்து ஆதரித்திருக்கின்றன. அவற்றுள் இரண்டின் சுத்திகரிப்பு ஆலைகள் செம்பூரை அடுத்த மாஹுலிலேயே இருக்கின்றன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பயிற்சியளிக்க அவை முன்வரலாம்.

நம் சொந்த ஸ்தாபனங்களின் பொறுப்போ இன்னும் பெரிது. 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் முதலாக எத்தனையோ கல்விச் சாலைகளையும் சபைகளையும் மாட்டுங்காவைச் சுற்றி நிறுவிய சமூகம் நம்முடையது. சங்கீதத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் கதவு திறப்பவர்கள், பள்ளி விட்டபின் பூட்டிக் கிடக்கும் ஏதேனும் ஓர் அறையை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைப்பதால் குறைந்துபோவதென்ன? ஆண்டுவிழா ஒன்றில் பொன்னாடைகளுக்கு ஆகும் செலவில் பலகை வாங்கிவிடலாம். பொன்னாடைகள் குறைந்தால் விழாவும் சீக்கிரம் முடியும்.

தாராவியின் மறுசீரமைப்பு நடக்கிற இவ்வேளையில், ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதியிலும் இத்தகைய விளையாட்டு அறை ஒன்று வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும் என்று அங்குள்ள தமிழர் சங்கங்கள் ஒன்றுகூடி இப்போதே அரசுக்கு எழுத்து மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். இளவழகியும் காசிமாவும் பெண்கள் என்பதால், அவ்வறைகளில் பெண் குழந்தைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் விதியையும் அந்த விண்ணப்பத்திலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.