தீபம் ஏறும் ஆறு மணிக்கு நெட்வொர்க்குக்கு என்ன ஆகிறது?

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணி. திருவண்ணாமலையில் 2,668 அடி மலையின் உச்சியில் தீபம் ஏறுகிறது. "அரோகரா" சத்தத்தில் ஊரே அதிர்கிறது. கும்பிட்ட கை இறங்கியதும் அடுத்துத் தேடுவது செல்போனைத்தான். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு போட்டோ, கூட்டத்தில் பிரிந்துபோன தம்பிக்கு ஒரு போன். போட்டோ போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன் கிடைக்கவே இல்லை. ஆனால் திரையில் சிக்னல் மட்டும் முழுசாக இருக்கிறது!

"அவ்வளவு கூட்டம், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிக்கிற மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கல்லூரி லேபில் செய்யும் சிமுலேஷன்கள் பெரும்பாலும் இந்தப் பக்கமே வருவதில்லை என்பதுதான் வருத்தம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில், நெட்வொர்க் லேபில் என்எஸ் சிமுலேட்டரும் நெரிசல் கட்டுப்பாட்டு முறைகளும் இடம்பெற்றன. நல்ல விஷயம். நடப்பது என்ன? சீனியரிடமிருந்து வந்த ஒரு டிசிஎல் ஃபைல். அதில் ஐந்தாறு நோடுகள், நடுவில் ஒரு லிங்க். ஓட்டினால் அனிமேஷனில் பாக்கெட்டுகள் ஓடும், ஒரு கிராப் வரும், ரெகார்டில் கையெழுத்தும் கிடைத்துவிடும். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கிராப்! இதில் அதிசயம் எதுவும் இல்லை. என்எஸ்-2இல் ரேண்டம் எண்களுக்கான விதை எண்ணை மாற்றாவிட்டால், எத்தனை முறை ஓட்டினாலும் அதே எண்கள்தான் வரும். ஒரே நாளை நூறு முறை பார்த்துவிட்டு, நூறு நாள் பார்த்ததாகச் சொல்வது போலத்தான் இது.

அடுத்த தவறு சராசரி. "சராசரி த்ரூபுட் இவ்வளவு" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர் 1917-இல் கொடுத்த சூத்திரம் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. ஒரு டவரில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (இன்றைய 4ஜி, 5ஜி கணக்கு இதைவிடச் சிக்கல். ஆனால் அடிப்படை இதுதான்.) சராசரியாக 20 பேர் பேசும் அளவுக்கு அழைப்புகள் வந்தால், இடமில்லாமல் திரும்புவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கூட்டம் இரண்டு மடங்காகி 40 பேர் அளவுக்கு வந்தால்? நூற்றில் சுமார் 30 அழைப்புகள் திரும்பிவிடும்! கூட்டம் இரண்டு மடங்கு, கஷ்டம் முப்பது மடங்குக்கும் மேல்.

தீபத்தன்று கதை அதோடும் முடிவதில்லை. எர்லாங் சூத்திரத்தில் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு, மற்றவரோடு தொடர்பில்லாமல் போன் செய்கிறார் என்பது. சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு இது சரி. தீபம் ஏறும் நிமிடத்தில் பல லட்சம் பேரும் ஒரே காரணத்துக்காக ஒரே நேரத்தில் போனை எடுக்கிறார்கள். இரண்டாவது, லைன் கிடைக்காதவர் பேசாமல் போய்விடுவார் என்பது. தம்பியைத் தேடுகிறவர் பேசாமல் போவாரா? மறுபடி மறுபடி அழுத்துவார். நெரிசலால் போகாத அழைப்பே நெரிசலை இன்னும் கூட்டுகிறது.

இண்டர்நெட்டும் ஒருமுறை இப்படி விழுந்திருக்கிறது. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சுமார் 400 கெஜ தூரத்தில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு இறங்கியது. தொலைந்த பாக்கெட்டுகளைக் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அனுப்பியதுதான் முக்கியக் காரணம். வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து, 1988-இல் டிசிபிக்கான வழியைக் கட்டுரையாக எழுதினார். மெதுவாக ஆரம்பி, பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறை. அவ்வளவுதான் சாரம். லேபில் மாணவர்கள் ஓட்டுகிற நெரிசல் கட்டுப்பாடு இங்கிருந்து வந்ததுதான். ஆனால் எந்த ஆபத்திலிருந்து பிறந்தது என்று தெரியாமலேயே ஓட்டுகிறார்கள்.

"இதையெல்லாம் கம்பெனி இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள், மாணவர்களுக்கு எதற்கு?" என்று கேட்கலாம். பெருந்திருவிழாக்களுக்கு வண்டியில் ஏற்றிய தற்காலிக டவர்கள் வருவது உண்மைதான். ஆனால் எத்தனை டவர், எந்த இடத்தில் என்பது யோசித்துச் செய்ய வேண்டிய கணக்கு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கூட்டம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை நகர்ந்துகொண்டே, ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறிக்கொண்டே போகிறது. தீபம் தெரிந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. இந்த நடையை உள்ளூர்ப் பையனை விட நன்றாக யார் அறிவார்?

திருவிழா மட்டுமல்ல. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட ராத்திரியிலும் ஊரே ஒரே நேரத்தில்தான் போனை எடுக்கும். போன் மிகவும் தேவைப்படும் நாள் ஒருபோதும் சராசரி நாளாக இருப்பதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது மூன்று. விதை எண்ணை மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டி, முடிவு எவ்வளவு ஆடுகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சராசரியோடு நிறுத்தாமல், மிக மோசமான ஐந்து நிமிடத்தையும் காட்ட வேண்டும். மறுபடி முயற்சி செய்பவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகமும் ஒன்று செய்யலாம். தீபம் முடிந்ததும் எந்த மணிக்கு, எந்தப் பகுதியில் எத்தனை அழைப்புகள் தோற்றன என்ற எண்களை, யாருடைய பெயரும் நம்பரும் இல்லாமல், கல்லூரிகளுக்குத் தரலாம். உண்மை எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்காத சிமுலேஷன் வெறும் பொம்மலாட்டம்.

ரெகார்டு நோட்டுக்கு மதிப்பெண் வரும், போகும். அடுத்த தீபத்தன்று கூட்டத்தில் தொலைந்த ஒரு குழந்தையின் அப்பாவுக்கு முதல் முறையிலேயே லைன் கிடைத்தால், அதுதான் அந்த லேபுக்கு உண்மையான கையெழுத்து.