பாசி வேறு, பழமை வேறு

பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் நிற்கிறது வாட் அருண் கோயில். அதன் பெரிய கோபுரத்தில் 2013இல் தொடங்கிய சீரமைப்பு 2017இல் முடிந்து சாரம் பிரித்தபோது, தாய்லாந்து மக்களில் பலர் கொதித்துப்போனார்கள். வண்ணம் மங்கி, கோபுரமே வெளுத்துவிட்டது என்றார்கள். கறுப்பும் பாசியும் நீங்கியதால் சுண்ணாம்பின் இயல்பான வெண்மை தெரிகிறது என்றது அந்நாட்டு நுண்கலைத் துறை.

யார் சொல்வது சரி? முதலில் கோபுரத்தின் கட்டுமானத்தைப் பார்ப்போம். உள்ளே செங்கல், அதன்மேல் சுண்ணாம்புக் காரை. அந்தக் காரையில் சீனப் பீங்கான் சில்லுகளையும் சிப்பிகளையும் பூவாக, இலையாகப் பதித்திருக்கிறார்கள். மேலே மாடங்களில் ஐராவதத்தின் மீது இந்திரன். தாய்லாந்து மன்னர் இரண்டாம் ராமர் தொடங்கி, அடுத்த மன்னர் மூன்றாம் ராமர் முடித்த வேலை இது.

பீங்கான் எளிதில் கெடாது. கெடுவது அதைப் பிடித்திருக்கும் காரைதான். மழைநீர் விரிசல் வழியே இறங்கி, செங்கல்லில் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. நீர் உலர்ந்ததும் உப்பு படிகமாகி, காரையை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. நம் பழைய வீட்டுச் சுவர் அடியில் உப்புப் பூத்துப் பொருபொருவென உதிர்வதும் இதே வினைதான். பாசியும் செடிகளின் வேரும் விரிசலை இன்னும் அகலமாக்கும். சில்லு பார்வைக்கு முழுதாகவே இருக்கும். தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும்.

அங்கே சிமெண்டை வைத்து அடைப்பது பெருந்தவறு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் உள்ளேயே அடைத்துவைக்கும். ஒட்டுப் போட்ட இடம் உறுதியாக நிற்க, பக்கத்திலிருக்கும் பழைய காரை உதிரத் தொடங்கும். அமிலம் ஊற்றிக் கழுவுவதும் கூடாது. அது சுண்ணாம்பையே அரித்துவிடும்.

ஆகவே வெண்மையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். கறுத்த பாசியோடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரிகிறது, அவ்வளவே. ஆனால் மக்களின் கவலையை அதற்காகத் தள்ளிவிடவும் முடியாது. பழைய சில்லுகள் கையால் தீட்டியவை. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற புதிய சில்லுகள் பக்கத்தில் வந்தால், அந்த உயிரோட்டம் குன்றும். தளர்ந்த பழைய சில்லைக் கழற்றி, சுத்தம் செய்து, அதே இடத்தில் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பதே முதல் வழி. உடைந்து தொலைந்த இடத்துக்கு மட்டுமே புதியது வர வேண்டும். எங்கே பழையது, எங்கே புதியது என்று காட்டும் படம் ஒன்றை வரைந்து, கோயிலுக்கு வருவோர் பார்க்கும்படி வைத்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.