தண்ணிக்கு நாலு டாலர்!

வுட்ஸ்டாக் 99 பத்திப் பேச்சு வந்தாலே நம்ம ஆளுங்க பலர் ஒரே பல்லவிதான். "ராக் கேக்கற பசங்கன்னாலே அப்படித்தான், கடைசியில கொளுத்திட்டுதான் போவானுங்க." எனக்குப் பத்திக்கிட்டு வருது.

என்ன நடந்துச்சு? 1999 ஜூலை. நியூயார்க் மாநிலத்துல ரோம்னு ஒரு ஊர் (இத்தாலி இல்லீங்க!). மூடிப்போன விமானப்படைத் தளம். கீழ தாரும் கான்கிரீட்டும், மேல கொளுத்தற வெயில். டிக்கெட்டே 150 டாலர். கொண்டுபோன தண்ணியை வாசல்லயே பிடுங்கிட்டு, உள்ள ஒரு பாட்டில் 4 டாலர்னு வித்தாங்க. இலவசக் குழாய் இருந்துச்சு, வரிசைதான் அனுமார் வாலு. கழிவறை நிரம்பி வழிஞ்சுது. சூடு தாங்காம ஒரு இளைஞர் செத்தே போனார். கடைசி ராத்திரிதான் தீ.

பொண்ணுங்ககிட்ட அத்துமீறினவனுக்கு நான் வக்காலத்து வாங்கல. அதுக்கு வெயிலும் தாகமும் சாக்கே கிடையாது. ஆனா அவ்வளவு பெரிய கூட்டத்தைக் காயப்போட்டுக் காசு பார்த்தவங்களை விட்டுட்டு, கிடாரைத் திட்டறது என்ன நியாயம்?

இங்கிலாந்து கிளாஸ்டன்பரியிலயும் ரெண்டு லட்சம் பேர் கூடறாங்க. அங்கயும் ராக்தான், அங்கயும் இளவட்டம்தான். ஆனா இலவசக் குழாய் நிறைய. 2019-ல பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் விக்கறதையே நிறுத்திட்டாங்க. அந்த வருஷம் கூட்டம் கொளுத்திட்டா போச்சு?

அடுத்த தடவை எந்த விழாவுக்கு டிக்கெட் எடுத்தாலும், யார் பாடறாங்கன்னு மட்டும் பாக்காதீங்க மக்களே. குழாய் எங்க இருக்குன்னும் பாருங்க.